பனியுகத்துச் சேறு

உக்கடத்துக் குழாய்க் கடையில் பி.வி.சி. குழாய்களை நெடுக்காக இரண்டாகப் பிளந்து தரச் சொன்னேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, பொளந்துபோட்டா அப்புறம் தண்ணி எப்படிங்க போகும்?"

"தண்ணிக்கு இல்லைங்க. சேறு வெச்சுக் கொண்டுவரதுக்கு."

"சேத்தையா? எங்கிருந்துங்க?"

"வால்பாறைக்கு மேல இருந்துங்க."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. பிளந்து கட்டி ஜீப்பில் ஏற்றிவிட்டார். அந்தக் குழாய்களில் வரப்போகும் சேற்றை நினைத்து ஒரு மாதமாகவே எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை என்று அவரிடம் சொல்லவா முடியும்?

அப்போது நான் கோயம்புத்தூரில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். பனியுகக் காலத்தில் நம் மலைகளில் மழை எப்படி இருந்தது, காடு எப்படி இருந்தது என்பதுதான் என் தலைப்பு. யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். நம்ம ஊரில் எங்கே பனி என்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனைமலையின் மேல் அந்தக் காலத்திலும் பனிப்பாறைகள் இருந்ததில்லை. பனிப்பாறை வடக்கே வெகுதூரத்தில் இருந்தது. உலகத்துத் தண்ணீரில் பெரும்பகுதி அங்கே உறைந்து நின்றதால் இங்கே கடல் இறங்கி, இலங்கைக்கு நடந்தே போகலாம் என்கிற அளவுக்குத் தரை வெளியே தெரிந்தது. குளிர்ந்த கடலிலிருந்து மேகம் குறைவாகத்தான் எழும். தென்மேற்குப் பருவமழை இளைத்துப்போயிருக்க வேண்டும். ஆனால் இருக்க வேண்டும் என்று சொன்னால் போதாது, காட்ட வேண்டும்.

துருவப் பகுதிகளில் ஆய்வு செய்பவர்கள் பனிக்கட்டியைத் தண்டு தண்டாகத் துளைத்தெடுத்து, அதற்குள் அடைபட்டிருக்கும் பழங்காற்றின் குமிழிகளை அளக்கிறார்கள். கடலில் போகிறவர்கள் அடிமண்ணில் படிந்த நுண்ணிய சிப்பிகளை எடுக்கிறார்கள். எங்களுக்கு வாய்த்தது மலை உச்சியின் சதுப்பு. தேயிலை முடிந்து புல்வெளி தொடங்கும் உயரத்தில் பள்ளங்கள் உண்டு. அங்கே குளிரும் ஈரமும் எப்போதும் இருப்பதால் செத்த புல் முழுதாக மக்குவதில்லை. ஆண்டுக்காண்டு ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து கறுத்துக் கிடக்கும். மேலே கிடப்பது நேற்றைய புல். ஆள் உயரத்துக்குமேல் இறங்கினால் இருபதாயிரம் ஆண்டுக்கு முந்தைய புல். காற்றில் வந்து அதன்மேல் விழுந்த மகரந்தத் தூளும் அப்படியே இருக்கும். அதை எண்ணினால் அன்றைக்குச் சுற்றிலும் மரம் நின்றதா, புல் நின்றதா என்று தெரியும்.

இதையெல்லாம் படிக்கும்போது பயமில்லை. சதுப்பின்மேல் ஏறி நிற்க வேண்டும் என்பதில்தான் பயம். எனக்கு நீச்சல் தெரியாது. கால் தரையைத் தொடாத எந்த இடமும் எனக்கு ஆகாது.

என் கூட ஆய்வு செய்தவர் தொண்டாமுத்தூர்க்காரர். என்னைவிடச் சற்று இளையவர். கல்யாணமாகிக் கைக்குழந்தையும் இருந்தது. அவர்கள் வீட்டில் தென்னையும் காய்கறியும். பிடிமண்ணை மோந்து பார்த்தே ஈரம் சொல்கிற ஆள், சதுப்பைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. ஆழியாறு தாண்டி ஜீப் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தபோது, முன் இருக்கையில் இருந்த எங்கள் பேராசிரியை தூங்கிவிட்டார் என்று உறுதி செய்துகொண்டு, அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, யானைன்னா எனக்கு ஆகாதுங்க."

"யாருக்குங்க தம்பி ஆகும்?"

"அப்படியில்லீங்க. எங்க பெரியப்பாவ யானை அடிச்சுபோட்டுதுங்க. விடிகாலைல மோட்டார் போடப் போனவரு. நாந்தானுங்க மொதல்ல போயிப் பார்த்தேன்."

மேடத்திடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். சொன்னால் தன்னை விட்டுவிட்டு வேறு ஆளைக் கூட்டிப் போய்விடுவார், வேண்டாம் என்றார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பயத்தை மடியில் வைத்துக்கொண்டு வால்பாறை போய்ச் சேர்ந்தோம்.

எஸ்டேட் குடியிருப்பு ஒன்றில் தங்கினோம். மறுநாள் காலை ஜீப் போகிற வரைக்கும் போய், பிறகு நடை. வனத்துறை அனுமதியின்படி ஒரு வாட்ச்சர் கூட வந்தார். சுமை தூக்கி வந்த எஸ்டேட் ஆட்கள் இருவரும் பொருட்களை இறக்கிவிட்டு, மாலையில் வருகிறோம் என்று திரும்பிப் போனார்கள். அட்டைகளைத் தட்டிவிட்டுக்கொண்டே சோலைக் காட்டைக் கடந்து வெளியே வந்தால், மொட்டைப் புல்மலைகள். நடுவில் ஒரு பள்ளம். பார்வைக்கு அது நல்ல புல்தரை மாதிரிதான் இருந்தது, பச்சை கொஞ்சம் தூக்கல், அவ்வளவுதான். வாட்ச்சர் ஒரு கல்லை எடுத்து எறிந்தார். கல் விழுந்த இடத்திலிருந்து தள்ளி நின்ற புற்களும் ஆடின.

"போன வருஷம் ஒரு காட்டுமாட்டுக் கன்னு இதுல எறங்கிருச்சுங்க," என்றார். "தாய்மாடு ரெண்டு நாள் இங்கயே நின்னுச்சு."

முதல் நாள் ஆழம் பார்த்தோம். இரும்புக் கம்பிகளை ஒன்றோடொன்று திருகி இறக்கினோம். கெட்டியான மண்ணில் இறங்குகிற கம்பிக்கு ஒரு எதிர்ப்பு இருக்கும். இங்கே அது இல்லை. நான் அழுத்தவில்லை, கம்பி தானாகப் போய்க்கொண்டிருந்தது. அடுத்த கம்பியை மாட்டினேன். அதுவும் போனது. நாங்கள் நின்றது இரண்டு பலகைகளின்மேல். பலகைக்குக் கீழே புல் வேர் பின்னிய ஒரு பாய், அதற்குக் கீழே இந்த ஆழம். அன்றிரவு படுக்கையில் கட்டில் ஆடுகிற மாதிரியே இருந்தது.

இரண்டாம் நாள்தான் சேறு எடுக்கிற வேலை. அதற்கான கருவி பாதிக் குழாய் வடிவத்தில் இருக்கும், ஒரு பக்கம் கத்தி மாதிரி இறக்கை. வேண்டிய ஆழத்துக்கு இறக்கி, மேலே கைப்பிடியைப் பிடித்து அரைச்சுற்றுச் சுற்றினால், இறக்கை சேற்றை வளைத்து உள்ளே அடைத்து மூடிக்கொள்ளும். வெளியே இழுத்துத் திறந்தால் அந்த ஆழத்துச் சேறு கலையாமல் தண்டு மாதிரி இருக்கும். அதைத்தான் பிளந்த குழாயில் கிடத்திச் சுற்றிக் கட்டுவோம். மேடம் கரையில் உட்கார்ந்து குழாய்களைச் சுற்றிக் கட்டினார். நானும் தொண்டாமுத்தூர்க்காரரும் பலகைமேல். வாட்ச்சர் சரிவில் ஒரு பாறையில் இருந்தார். யானைக் கூட்டம் காலையில் அடுத்த மலைப் பக்கம் இறங்கிவிட்டது, இன்றைக்குத் தொந்தரவு இல்லை என்று அவர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டு என் கூட நின்றவர் அன்று கொஞ்சம் சிரித்துக்கூடப் பேசினார்.

மதியம் தாண்டியபின் மூடுபனி இறங்கியது. முதலில் எதிர்மலை மறைந்தது, பிறகு சோலை, பிறகு வாட்ச்சர் இருந்த பாறை. கரையில் மேடம் ஒரு நிழல் மாதிரி தெரிந்தார். கருவி அப்போது கடைசி ஆழத்தில் இருந்தது. சுற்றி மூடியாகிவிட்டது, இழுக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது வாட்ச்சர் பனிக்குள்ளிருந்து குனிந்தபடி ஓடி வந்தார். வாயைத் திறக்கவில்லை. எங்களைப் பார்த்து இரண்டு உள்ளங்கைகளையும் கீழே அமுக்குவது போல் காட்டினார். மேடத்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேல் சரிவுக்குப் போனார். இரண்டு பேரும் மறைந்துவிட்டார்கள்.

எனக்கு விளங்கச் சற்று நேரம் ஆனது. என் பக்கத்தில் நின்றவருக்கு உடனே விளங்கிவிட்டது. அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

பிறகு சத்தம் கேட்டது. கொத்துக் கொத்தாகப் புல்லைப் பிடுங்கும் சத்தம், பிடுங்கியதைக் காலில் தட்டி மண் உதறும் சத்தம். மேடம் உட்கார்ந்திருந்த கரையில்தான். பனிக்குள் ஒரு கறுப்பு அசைந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. நடுவில் சின்னதாக ஒன்று. குட்டி இருந்தால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று யோசித்தேன், காற்றே இல்லை.

நாங்கள் அசையாமல் நின்றோம். அசையாமல் நின்றதால் பலகை இறங்க ஆரம்பித்தது. வேலை செய்யும்போது அடிக்கடி பலகையை நகர்த்திப் போட்டுக்கொண்டிருந்தோம். இப்போது ஒரே இடத்தில் இரண்டு பேர் எடை. குளிர்ந்த தண்ணீர் பூட்சுக்குள் புகுந்தது. கணுக்காலுக்கு வந்தது. கரைக்குப் போனால் யானை, நின்றால் சேறு. எங்கள் பாட்டிக்குப் பேச்சு தெலுங்கு. நான் வாய்க்குள் தெலுங்கில் ஏதோ வேண்டிக்கொண்டிருந்தேன், என்னவென்று இப்போது ஞாபகமில்லை.

தொண்டாமுத்தூர்க்காரரின் உடம்பு நடுங்கியது. அந்த நடுக்கத்தில் பலகை நடுங்கியது. நான் அவர் சட்டையைப் பிடிக்கக் கை நீட்டுவதற்குள் அவர் கால் வழுக்கிப் பலகையை விட்டு இறங்கிவிட்டார். பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. வேர்ப்பாய் கிழிந்தது, அவர் இடுப்பு வரைக்கும் உள்ளே போனார். நான் அப்படியே பலகைமேல் குப்புறப் படுத்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். இன்னொரு கையால் அவர் கருவியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அது ஆழத்தில் நட்டு நின்றதால் கொஞ்சம் தாங்கியது.

"உட்றாதீங்க அக்கா," என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

"உடமாட்டேன்."

அப்போதுதான் அந்தப் பெரிய யானை பள்ளத்தின் ஓரத்துக்கு வந்தது. எங்களைப் பார்த்ததா, மோப்பம் பிடித்ததா, தண்ணீருக்கு வந்ததா, எனக்குத் தெரியாது. முன்கால் ஒன்றைத் தூக்கிச் சதுப்பின்மேல் வைத்துப் பார்த்தது. அழுத்தியது. அந்த அழுத்தம் ஒரு அலையாகப் புல்லுக்கு அடியில் வந்து, நான் படுத்திருந்த பலகையைத் தூக்கி இறக்கிவிட்டுப் போனது. வயிற்றில் அதை உணர்ந்தேன். அத்தனை தூரத்திலிருந்து ஒரு யானையின் எடை என் வயிற்றைத் தொட்டது. தொண்டாமுத்தூர்க்காரர் கண்ணை மூடிக்கொண்டார். சேறு அவர் விலாவுக்கு வந்திருந்தது.

யானை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தது. பிறகு காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டது.

அவை போய்விட்டனவா, பனிக்குள் நின்றுகொண்டிருக்கின்றனவா என்று எங்களுக்குத் தெரியவில்லை. சத்தம் இல்லாதது சத்தத்தைவிட மோசமாக இருந்தது. என் விரல்கள் மரத்துப்போய், பிடித்திருக்கிறேனா விட்டுவிட்டேனா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வாட்ச்சரும் மேடமும் கயிற்றோடு இறங்கி வந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேனாம். மேடம் பிறகு சொன்னார்.

கயிற்றைத் தொண்டாமுத்தூர்க்காரரின் அக்குளுக்குக் கீழே மாட்டி, இன்னொரு பலகையைப் போட்டு, மூன்று பேரும் சேர்ந்து இழுத்தோம். சேறு அவரைச் சுலபத்தில் கொடுக்கவில்லை. ஒரு பூட்சை வைத்துக்கொண்டுதான் விட்டது. கரையில் அவரைக் கிடத்தியபின் வாட்ச்சர் தள்ளிப் போய் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

"அந்தப் பக்கம் போயிருச்சுன்னுதாங்க மேடம் நெனச்சேன்," என்றார். "தப்பாப் போச்சுங்க."

மேடம் அவரைத் திட்டவில்லை. "போதும், கெளம்பலாம். கருவி கெடந்தாக் கெடக்கட்டும்," என்றார்.

பல் கிட்டிக்கொண்டு நடுங்கிக் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்தார். "எடுத்துபோடலாங்க மேடம். இவ்வளவும் பட்டாச்சு."

வாட்ச்சரும் நானும் போய் இழுத்து வந்தோம். திறந்தபோது, மேல்பகுதி எல்லாம் கறுப்பு. அடிப்பக்கம் வந்ததும் கறுப்பு நின்று, சாம்பல் நிறத்தில் மணல் கலந்த களி. இரண்டுக்கும் நடுவே கோடு போட்ட மாதிரி ஒரு எல்லை. யாரும் சந்தோஷப்படவில்லை. சுற்றிக் கட்டி எடுத்துக்கொண்டு இறங்கினோம்.

வால்பாறையில் சிக்னல் கிடைத்ததும் அம்மா கூப்பிட்டார்.

"ஏங்கண்ணு, குரல் ஒரு மாதிரி இருக்குது?"

"குளிருங்கம்மா."

"அங்கெல்லாம் போயே ஆகோணுமா? இங்க ஊட்டுல உக்காந்து படிக்கிற படிப்பு ஒண்ணும் இல்லியா?"

தொண்டாமுத்தூர்க்காரர் தன் வீட்டில் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று எங்களைக் கேட்டுக்கொண்டார். சரி என்றோம்.

கோயம்புத்தூரில் ஆய்வகத்தில் அந்தச் சேற்றைத் துண்டு துண்டாக வெட்டினோம். மணலைக் கரைத்து மகரந்தத்தை மட்டும் பிரித்தெடுக்க ஒரு அமிலம் உண்டு. தோலில் பட்டால் உடனே வலிக்காது, சத்தமில்லாமல் எலும்பு வரைக்கும் இறங்கும். அந்த வேலையைப் பாதிப் பாதியாகச் செய்வது என்று பேசியிருந்தோம். ஆனால் வால்பாறையிலிருந்து வந்தபின் அவர் விரல் நடுக்கம் நிற்கவில்லை. ஆகவே அமில வேலை முழுவதையும் நான் எடுத்துக்கொண்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் செய்வேன். நுண்நோக்கியில் பார்த்தால் புல்லின் மகரந்தம் உருண்டையாக ஒற்றைத் துளையோடு தெரியும். சாம்பல் களியில் எங்கு பார்த்தாலும் அதுதான். சோலை மரங்களின் தூள் தேடித்தான் கிடைத்தது. நாங்கள் எதிர்பார்த்த பனியுகம் அங்கே இருந்தது, அல்லது இருந்ததாக நம்பினோம்.

வயது கண்டுபிடிக்க வேறு ஊர் ஆய்வகத்துக்குத் துண்டுகளை அனுப்பியிருந்தோம். முடிவு வந்த அன்று மேடம் எங்களை அறைக்குக் கூப்பிட்டார். மேலே இருந்த துண்டு பழையது, கீழே இருந்த துண்டு புதியது என்று வந்திருந்தது. நடுவில் எதுவும் வரிசையில் இல்லை.

"கலங்கிப்போச்சும்மா," என்றார். "வறண்ட காலத்துல காஞ்சு கெடந்தப்ப மிருகங்க மிதிச்சிருக்கலாம். மேல இருந்து பழைய மண்ணு சரிஞ்சு விழுந்திருக்கலாம். எதுன்னு சொல்ல முடியாது. இதை வெச்சு ஒண்ணும் எழுத முடியாது."

எனக்குக் காது அடைத்தது. ஏமாற்றத்தால் என்று அவர் நினைத்திருப்பார். மறுபடி போக வேண்டும் என்பது மட்டும்தான் எனக்கு உறைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தொண்டாமுத்தூர்க்காரர் வீட்டுக்குப் போனேன். நீங்கள் வர வேண்டாம், மேடத்திடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் போனேன். தோட்டத்தில் நாலைந்து இளந்தென்னைகள் யானையால் குருத்து உருவப்பட்டுச் சாய்ந்து கிடந்தன. அவருடைய அப்பா அதைக் காட்டிக்கொண்டே இளநீர் வெட்டிக் கொடுத்தார். மனைவிக்கு விஷயம் எப்படியோ தெரிந்துபோயிருந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களே சொல்லுங்கக்கா," என்றார். "இவரு போகோணுமா?"

"வேண்டாங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

தொண்டாமுத்தூர்க்காரர் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "வாரேனுங்க அக்கா. அன்னைக்கு நீங்க இல்லீன்னா நான் இல்லை. நீங்க தனியாப் பலகை மேல நின்னு வழுக்குனா, யாருங்க புடிக்கிறது?"

அவர் மனைவி உள்ளே போய்விட்டார். திரும்பி வந்து எனக்குக் காப்பி கொடுத்தபோது முகம் கழுவியிருந்தார்.

இரண்டாம் முறை வேறொரு பள்ளம், சோலையிலிருந்து தள்ளி. இரண்டு வாட்ச்சர்கள், நிறையப் பலகை, இடுப்பில் கயிறு. வானம் கடைசி வரை தெளிவாக இருந்தது. தூரத்துப் பாறையில் வரையாடுகள் மேய்ந்தன. ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நிமிஷமும் நான் கரையைப் பார்த்தேன், அவர் சோலையைப் பார்த்தார். ஒன்றும் நடக்காமல் திரும்பினால் பயம் குறையும் என்பார்கள். குறையவில்லை. வேலை மட்டும் முடிந்தது.

இந்தத் தடவை வயது வரிசையாக வந்தது. களிமண்ணில் பனியுகம்: புல், புல், எங்கும் புல், மழை இளைத்த நீண்ட காலம். அதற்குமேல் ஒரு விரல்கடை அளவுக்குள் காடு திரும்பி வருகிறது. ஒரு விரல்கடை என்பது எங்கள் சேற்றில் பல நூறு ஆண்டுகள். ஆனால் துருவத்துப் பனிக்கட்டி இன்னும் நுணுக்கமாகக் கணக்குச் சொல்கிறது. அங்கே குளிர் வெப்பமாக மாறியது சில முறை ஒரு மனித ஆயுளுக்குள்ளேயே நடந்திருக்கிறது. அதைப் படித்த அன்று ஆய்வகத்தின் வெளிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். நான் எண்ணியது தூளை அல்ல. ஒரு மலை தன் மழையை இழந்துவிட்டு எத்தனை காலம் நின்றது என்பதை. கோயம்புத்தூரில் நாங்கள் குடிக்கும் சிறுவாணித் தண்ணீர் அந்த மழைதான்.

பட்டம் வாங்கியபின் தொண்டாமுத்தூர்க்காரர் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்ந்தார். மலைக்குப் போவதில்லை. நான் இன்னும் போகிறேன், இன்னும் பயந்துகொண்டுதான். ஒருமுறை அவர் அப்பா என்னிடம் கேட்டார்:

"குளுந்தப்ப மழை கம்மின்னு கண்டுபுடிச்சீங்க. இப்பச் சூடாகுது. அப்ப மழை சாஸ்தி ஆகுமுங்களா?"

"ஆகலாங்க. மொத்தமா ஒரே நேரத்துல கொட்டலாம், வேணுங்கறப்ப வராமயும் போகலாம். உறுதியாச் சொல்ல முடியலைங்க."

"படிச்சவங்களுக்கே தெரியலீன்னா, நாங்க என்னத்த நம்பி நாத்து உடறது?" என்றார். கோபமில்லை. கேட்டுவிட்டு வாய்க்காலைத் திருப்பிவிடப் போய்விட்டார்.

சில வருஷம் ஜூன் பாதி தாண்டியும் மேற்கு மலைமேல் மேகம் ஏறுவதில்லை. அப்போது நான் தொண்டாமுத்தூர்க்காரருக்குப் போன் போடுவேன். வேறு எதையும் கேட்கமாட்டேன், அவருக்கே தெரியும். "இன்னும் இல்லீங்க அக்கா," என்பார். போன தடவை அப்படிச் சொன்னபிறகு, "பார்க்கலாங்க," என்று சொல்லி அவர்தான் முதலில் போனை வைத்தார்.